வகுத்தால் இருபத்தேழு

மீட்டரம்மாவிடம் ஒரு ஹீட்டர் காயில் வாங்கிப்போவது லேசுப்பட்ட காரியம் இல்லை. கடைக்கு வருகிறவர் ரெண்டாயிரம் வாட்ஸில் ஒன்று கொடுங்கள் என்று கையை நீட்டினால், அவள் முதலில் ஆளை ஏற இறங்கப் பார்ப்பாள். பிறகு, உங்கள் வீட்டில் கரண்ட் எத்தனை வோல்ட் வருகிறது என்று கேட்பாள். அது எனக்கென்ன தெரியும் என்பார் வந்தவர். அது தெரியாமல் வாட்ஸ் மட்டும் எப்படித் தெரிந்தது என்பாள் இவள். இந்த இடத்தில் பாதிப் பேருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். மீதிப் பேர் சிரித்துக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே ஒருமுறை கோபித்துக்கொண்டு போய், வேறு கடையில் வாங்கி மாட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்.

கடையின் பின்பாதியில் உட்கார்ந்திருக்கும் அவள் கணவருக்கு இந்தப் பேச்சு மனப்பாடம். எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவி எறிந்து, புதுக் கம்பி சுற்றிக் கொடுப்பது அவர் தொழில். ஊரில் அவருக்கு மோட்டார்காரர் என்று பெயர். கடை அவருடையது, வெளியே தொங்குகிற பலகையும் அவருடையது. ஆனால் தெருவில் வழி கேட்கிறவர்கள் மீட்டரம்மா கடை எது என்றுதான் கேட்கிறார்கள். ஆரம்பத்தில் அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. பிறகு பழகிப்போயிற்று. இப்போதெல்லாம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் அவரே முந்திக்கொண்டு, நான் மீட்டரம்மா வீட்டுக்காரர் என்று சொல்லிவிட்டு எதிராளியின் முகம் மலர்கிறதா என்று பார்க்கிறார்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு துணிக்கடையில் துணி அளந்து கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் என்றால் சுவிட்சைத் தட்டுவதோடு சரி. கல்யாணமாகி வந்த புதிதில் ஒருநாள் மோட்டார்காரர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து, பேக்கரிக்காரர் ஒருவர் அடுப்புக் காயில் அறுந்துபோய் ஓடி வந்தார். அவரை வெறுங்கையோடு அனுப்ப மனம் வராமல், கணவர் எப்போதோ சுற்றியதைப் பார்த்த ஞாபகத்தில் இவளே காயில் சுற்றுகிற நைக்ரோம் கம்பியை எடுத்து ஒரு கம்பியின் மேல் சுற்றிக் கொடுத்துவிட்டாள். சுருள் என்னவோ பார்க்க அழகாகத்தான் இருந்தது. அடுப்பில் மாட்டியதும் வெள்ளையாகப் பழுத்து, பட்டென்று அறுந்தது. அடுத்த முறை நீளமாகச் சுற்றிக் கொடுத்தாள். அது சிவக்கவே இல்லை. உள்ளே வைத்த ரொட்டி மாவாகவே உட்கார்ந்திருந்தது. பேக்கரிக்காரர் தங்கமான மனிதர், ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் அவளும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அத்தோடு மறந்திருப்பாள்.

மோட்டார்காரர் திரும்பி வந்ததும் அவள் கேட்டது ஒரே கேள்விதான். அறுந்த சுருளுக்கும் சிவக்காத சுருளுக்கும் நடுவில் சரியான சுருள் ஒன்று இருக்கிறதே, அதை அடுப்பில் மாட்டுவதற்கு முன்பே கண்டுபிடிப்பது எப்படி? அவர் தன் பழைய மீட்டரை எடுத்துக் கையில் கொடுத்து, வோல்ட்டை ஆம்ப்ஸால் வகுத்தால் ஓம், வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கினால் வாட்ஸ், அவ்வளவுதான் விஷயம் என்றார். பேச்சோடு பேச்சாகச் சொன்னதை அவள் இப்படிப் பிடித்துக்கொள்வாள் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு என்றால் காத தூரம் ஓடியவள், அந்த இரண்டு வரியை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்த இஸ்திரிப் பெட்டி முதல் பக்கத்து வீட்டு வெந்நீர் ஹீட்டர் வரை ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. எல்லாவற்றையும் வகுத்தாள். எல்லாவற்றையும் பெருக்கினாள். தட்டில் போட்ட சோறு ஆறிப்போகும் வரை அதே பேச்சு. அப்போதுதான் அவர் விளையாட்டாக மீட்டர் என்று கூப்பிட ஆரம்பித்தார். ஊர் அதை வாங்கிக்கொண்டு, மரியாதைக்கு ஒரு அம்மாவையும் சேர்த்துக்கொண்டது.

அவளுடைய கட்சி இதுதான். ஓம் என்பது காயிலின் குணம். கரண்டை இவ்வளவுதான் விடுவேன், அதற்கு மேல் விடமாட்டேன் என்று அந்தக் கம்பி காட்டுகிற கறார். கம்பியின் நீளமும் பருமனும் மாறாதவரை, எந்த வீட்டில் மாட்டினாலும் அது மாறாது. வாட்ஸ் அப்படி இல்லை. அது காயிலும் வீடும் சேர்ந்து செய்கிற வேலை. இருநூற்று முப்பது வோல்ட் வருகிற வீட்டில் இருபத்தேழு ஓம் காயில் ஏறக்குறைய இரண்டாயிரம் வாட்ஸ் கொடுக்கும். அதே காயிலை நூற்றுத் தொண்ணூறு வோல்ட் வருகிற வீட்டில் மாட்டினால் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சத்தில் நின்றுவிடும். வோல்ட் இறங்கினால் ஆம்ப்ஸும் கூடவே இறங்குகிறது, இரண்டும் சேர்ந்து இறங்குவதால் சூடு இரட்டை அடி வாங்குகிறது. "வாட்ஸுக்கு நான் பொறுப்பில்லைங்க. ஓமுக்கு மட்டும்தான் நான் பொறுப்பு" என்று அவள் சொல்லும்போது, ஏதோ நீதிமன்றத்தில் சத்தியம் செய்கிற மாதிரி இருக்கும்.

அந்தப் பொறுப்பை அவள் விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை. சுற்றி முடித்த ஒவ்வொரு காயிலையும் செங்கல் மேல் வைத்துக் கரண்ட் கொடுத்துச் சிவக்கவிடுவாள். சும்மா குளிர்ந்து கிடக்கிற காயிலை அளந்தால் அது சொல்கிற ஓம் கொஞ்சம் குறைவு, வேலை செய்கிறபோதுதான் உண்மையான ஓம் தெரியும் என்பது அவள் கண்டது. நன்றாகச் சிவந்த பிறகு, கிளாம்ப் மீட்டரின் வாயைத் திறந்து ஒற்றைக் கம்பியை மட்டும் கவ்வவைத்து ஆம்ப்ஸ் பார்ப்பாள், அப்படியே வோல்ட்டும் பார்ப்பாள், வகுப்பாள். கணக்கு ஒரு ஓம் தள்ளி வந்தால்கூட காயில் அவள் கையை விட்டுப் போகாது. அவசரமாக வந்தவர் தலைகீழாக நின்றாலும் போகாது.

இனி நடந்ததைச் சொல்ல வேண்டும்.

மோட்டார்காரருக்கு ஒரே தங்கை. ஊரின் மறுகோடியில், தன் வீட்டுக்குப் பின்னால் ஒரு நீளமான ஷெட் போட்டு, இன்குபேட்டரில் கோழிமுட்டை வைத்துக் குஞ்சு பொரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆள் உயரத்துக்கு அலமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே தட்டுத் தட்டாக முட்டைகள், அடியில் சூட்டுக்கு ஒரு காயில், காற்றைச் சுழற்ற ஒரு விசிறி. காயில் அண்ணி சுற்றிக் கொடுத்தது, இருபத்தேழு ஓம். ஷெட்டின் வயரிங் முழுக்க அண்ணன் தன் கையாலேயே செய்து கொடுத்தது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம், எங்கள் அண்ணன் கை பட்ட வயரிங் என்று அவள் காட்டுவாள். மோட்டார்காரரும் அந்தப் பக்கம் போனால், அண்ணாந்து அந்த வயர் ஓடுகிற நேர்த்தியை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் திரும்புவார். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் நடுவில் சண்டை எதுவும் இல்லை. பெரிய ஒட்டுதலும் இல்லை. அண்ணிக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது தங்கையின் அபிப்பிராயம், அதை அவள் மறைத்ததும் கிடையாது.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரம் அது. மதியச் சாப்பாட்டுக்கு உட்காரப்போன நேரத்தில் தங்கையிடமிருந்து போன் வந்தது. பெட்டிக்குள் முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டும், முப்பத்தாறுக்கு வந்துவிட்டது, இன்னும் இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே இருப்பது இன்றோ நாளையோ ஓடு உடைக்க வேண்டிய முட்டைகள். சாயங்காலத்துக்குள் சூடு ஏறாவிட்டால் அத்தனை குஞ்சும் ஓட்டுக்குள்ளேயே செத்துப்போகும். அண்ணி கொடுத்த காயிலுக்குச் சத்து போய்விட்டது, உங்கள் மாப்பிள்ளை கடைத்தெருவில் இன்னொரு காயில் வாங்கி வந்துவிட்டார், இதோடு சேர்த்து அதையும் மாட்டப்போகிறார், அண்ணியிடம் சொல்லிவிடுங்கள், மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றாள். தங்கைக்குக் கணீர் குரல். போனைக் காதில் வைத்திருந்தவர் மோட்டார்காரர், ஆனால் கேட்டது இரண்டு பேருக்கும்.

மீட்டரம்மா தட்டை மூடிவைத்தாள். "நான் வர்ற வரைக்கும் அந்தக் காயிலைத் தொடக் கூடாதுன்னு சொல்லுங்க" என்றாள்.

மழைக்கோட்டு ஒன்றுதான் இருந்தது. அதை அவள் போட்டுக்கொள்ளவில்லை, மீட்டருக்குச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். வண்டியில் போகும்போது அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரே ஒரு பேச்சுதான் வந்தது. "என் காயில் தப்புன்னு ஆச்சுன்னா, இனிமே நான் கம்பியைத் தொடமாட்டேங்க." அவள் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். கடையின் முன்பாதி காலியாகக் கிடப்பதை அவர் ஒரு கணம் நினைத்துப் பார்த்தார். கடவுளே, இருபத்தேழு வந்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வண்டியை ஓட்டினார்.

ஷெட்டுக்குள் ஈரக் கோணியும் கோழி இறகும் கலந்த வாடை. குஞ்சுகளை ஏற்றி அனுப்புகிற அட்டைப் பெட்டிகள் சுவரோரம் கூரைவரை அடுக்கியிருந்தன. இன்குபேட்டரின் பக்கத்தில் தங்கையின் கணவர், மோட்டார்காரருக்கு மாப்பிள்ளை, குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு கையில் ஸ்க்ரூ டிரைவரும் மறு கையில் புதுக் காயிலுமாகக் காத்துக்கொண்டிருந்தார். தங்கை கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. வாங்க என்று கூப்பிட்டதோடு சரி.

மாப்பிள்ளை சமாதானப் பிரியர். "என்ன தங்கச்சி, ஒண்ணுக்கு ரெண்டு காயில் இருந்தா சூடு வரத்தானே செய்யும்?" என்றார்.

"வரும்ணே. எங்கே வரும்ங்கிறதுதான் கேள்வி" என்று சொல்லிவிட்டு, அவள் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள்.

காயில் எரிந்துகொண்டுதான் இருந்தது. அவள் தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது, ஆனால் கையைத் துணியில் நன்றாகத் துடைத்துக்கொண்ட பிறகே மீட்டரை வெளியே எடுத்தாள். கிளாம்ப் கம்பியைக் கவ்வியது. ஏழரை ஆம்ப்ஸ். காயிலின் இரண்டு முனையிலும் வோல்ட் பார்த்தாள். இருநூற்று மூன்று. அவள் உதடு அசைவதை மோட்டார்காரர் பார்த்தார். அவரும் மனதுக்குள் வகுத்துக்கொண்டுதான் இருந்தார், ஆனால் பதற்றத்தில் பாதியில் குழம்பிப்போனார்.

"இருபத்தேழு" என்றாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் அந்த ஷெட்டே கேட்டுக்கொள்ளட்டும் என்கிற மாதிரி அது இருந்தது. "நான் கொடுத்தப்ப இருபத்தேழு. இன்னைக்கும் இருபத்தேழு."

மோட்டார்காரருக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் தங்கை விடுகிற ஆளா? இருபத்தேழை வைத்து முட்டைக்குச் சூடு காட்ட முடியுமா அண்ணி, சூடு எங்கே, அதைச் சொல்லுங்கள் என்றாள். கேள்வி நியாயமானதுதான். மீட்டரம்மாவும் அதை நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். இப்போது பெருக்கினாள். ஆயிரத்து ஐந்நூற்று இருபது வாட்ஸ். மழைக்காலக் குளிருக்கு இது காணாது, நீ சொல்கிறது சரி என்று நாத்தனாரைப் பார்த்துத் தலையாட்டினாள். பிறகு எழுந்து, ஷெட்டின் வாசலோரம் இருந்த மெயின் போர்டுக்கு நடந்தாள். மற்ற மூன்று பேரும் அவள் பின்னாலேயே போனார்கள்.

போர்டில் மீட்டர் இருநூற்று இருபத்தைந்து காட்டியது.

கரண்ட் போர்டிலிருந்து புறப்படும்போது இருநூற்று இருபத்தைந்து. போய்ச் சேரும்போது இருநூற்று மூன்று. நடுவில் இருபத்திரண்டு வோல்ட்டைக் காணோம். தங்கைக்கும் மாப்பிள்ளைக்கும் அது வெறும் எண். மோட்டார்காரருக்கு அது வெறும் எண்ணாக இல்லை. அந்த இடத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்துபோயிற்று.

ஷெட்டுக்கு வயர் இழுத்தபோது செப்புக் கம்பி கடைசியில் கொஞ்சம் பற்றாமல் போயிற்று. கடை அடைத்துவிட்டார்கள். தங்கை மறுநாள் காலையில் முட்டை அடுக்கத் துடித்துக்கொண்டிருந்தாள். வண்டிப் பெட்டியில் கொஞ்சம் அலுமினியக் கம்பி கிடந்தது. செம்பின் முனையையும் அலுமினியத்தின் முனையையும் சேர்த்து, மோட்டாருக்குள் கம்பி முனைகளை முறுக்குவாரே, அதே மாதிரி இறுக்கமாக, அழகாக, ஒரே சீராக முறுக்கி டேப் சுற்றினார். செம்போடு செம்பை முறுக்கியே வாழ்நாளைக் கழித்த கை அது. அலுமினியம் வேறு ஜாதி, சூடு ஏறி இறங்கும்போது நெகிழ்ந்து கொடுக்கும், செம்போடு சேர்ந்தால் ஈரத்தில் பூத்துப்போகும் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தார். அந்த அப்புறம் வரவே இல்லை. வெளியே தெரிந்த வயரின் நேர்த்தியைப் பார்த்துப் பார்த்து அவரே அதை மறந்துபோனார்.

மீட்டரம்மா இதற்குள் அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். இதே வகுத்தல்தான், இந்த முறை காயிலுக்கு அல்ல, கம்பிக்கு. காணாமல்போன இருபத்திரண்டு வோல்ட்டை ஏழரை ஆம்ப்ஸால் வகுத்தால் கிட்டத்தட்ட மூன்று ஓம். இவ்வளவு தூரத்துக்கு நல்ல கம்பி அரை ஓம் காட்டினாலே அதிகம். அப்புறம் பெருக்கினாள்.

"நூத்தி அறுபத்தஞ்சு வாட்ஸ்" என்றாள். "அது எங்கேயும் போகலை. இந்த வயர்ல எங்கேயோ ஒரு இடத்துல முட்டை இல்லாம அடைகாத்துக்கிட்டு இருக்கு."

மாப்பிள்ளை சிரித்துவிட்டார். சிரித்த வேகத்திலேயே நிறுத்திக்கொண்டு, அப்படியானால் ரெண்டாவது காயிலையும் மாட்டியிருந்தால் என்று கேட்டார். மாட்டியிருந்தால் ஆம்ப்ஸ் ஏறக்குறைய இரண்டு மடங்காகும், அந்த இடத்தில் விழுகிற வோல்ட்டும் அதேபோல ஏறும், இரண்டையும் பெருக்கினால் அங்கே ஐந்நூறு வாட்ஸுக்கு மேல் என்று அவள் சொன்னாள். பெட்டியிலும் சூடு வந்திருக்கும், யாரும் சந்தேகப்பட்டிருக்கமாட்டார்கள், எல்லோரும் நிம்மதியாகத் தூங்கப் போயிருப்பார்கள் என்றும் சொன்னாள். மாப்பிள்ளை கையிலிருந்த காயிலைப் பாம்பைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

அப்போதுதான் அவள் கணவர் பக்கம் திரும்பினாள்.

"என்னங்க, இந்த வயர்ல நடுவுல எங்கேயாவது ஜாயின்ட் போட்டிருக்கீங்களா?"

மோட்டார்காரருக்குக் காது மடல் சுட்டது. தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கக் கூடாதா என்று ஒரு ஆத்திரம் வந்தது. தங்கை முன்னால், மாப்பிள்ளை முன்னால், இப்படி நடு ஷெட்டில் நிறுத்தி வைத்தா? தப்பித்துக்கொள்ளவும் வழி இருந்தது. எலி கடித்திருக்கும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். முட்டையும் தீவனமும் கிடக்கிற இடத்தில் எலிக்கா பஞ்சம்? தங்கை உலகத்தில் எந்த மீட்டரைவிடவும் அண்ணன் வார்த்தையை நம்புவாள். எலி அவர் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவர் மனைவியைப் பார்த்தார். அவள் கண்ணில் குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. போர்டில் மீட்டரை வைத்துவிட்டு முள் நிற்பதற்குக் காத்திருப்பாளே, அப்படிக் காத்துக்கொண்டிருந்தாள்.

"போட்டேன்" என்றார். "செம்பு பத்தலை. கடைசி கொஞ்ச தூரத்துக்கு அலுமினியம். அந்தப் பெட்டி அடுக்குக்கு மேல, கூரைச் சட்டத்துல."

தங்கை அண்ணாந்து அட்டைப் பெட்டிகளைப் பார்த்தாள். அவள் முகத்தில் ஈயாடவில்லை.

அடுத்து எல்லாம் மளமளவென்று நடந்தது. மீட்டரம்மா ஷெட்டின் மெயினை இறக்கினாள். தங்கை இன்குபேட்டர் மேல் கோணியும் போர்வையுமாகப் போட்டு மூடினாள், கதவைத் திறக்கவே விடவில்லை. மாப்பிள்ளை அட்டைப் பெட்டிகளைச் சரித்துத் தள்ளி, ஏணி போட்டார். மோட்டார்காரர் ஏறிப் பார்த்தார். இரண்டு ஜாயின்ட்டில் ஒன்று பரவாயில்லை. மற்றதில் டேப் உருகி வழிந்து கரியாகியிருந்தது. அது பட்டுக்கொண்டிருந்த மரச்சட்டம் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. அதற்கு நேர் கீழேதான் காய்ந்த அட்டைப் பெட்டிகள் நின்றிருந்தன. அதை வெட்டி எடுத்துக்கொண்டு இறங்கி வந்து, மென்று விழுங்காமல், தங்கையின் உள்ளங்கையில் வைத்தார்.

"எலி இல்லை, மழை இல்லை, காயில் இல்லை. இது என் கை வேலை" என்றார்.

தங்கை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாப்பிள்ளை தன் புதுக் காயிலைச் சத்தம் காட்டாமல் அதன் டப்பாவுக்குள் வைத்து மூடிவிட்டு, செப்புக் கம்பி வாங்க மழையில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

கம்பி வந்ததும் மோட்டார்காரர் மறுபடி ஏணியில் ஏறினார். வீட்டிலிருந்து இழுத்த நீளமான வயரில் சால்டரிங் அயர்ன் போட்டு, செம்போடு செம்பை முறுக்கி, ஈயம் ஓடி நிறைகிறவரை விடவில்லை. இந்தத் தடவை அவசரப்படவும் இல்லை. இப்போது மெயினைப் போடலாம் என்று மேலிருந்து குரல் கொடுத்தார். மீட்டரம்மா போட்டாள். காயில் சிவந்து நிலைக்கிறவரை பொறுத்திருந்து அளந்தாள். இருநூற்று இருபத்தொன்று வோல்ட், எட்டே கால் கிட்ட ஆம்ப்ஸ். பெருக்கினால் ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். வகுத்தால் அதே இருபத்தேழு. இந்த முறை அவள் எண்ணைச் சொல்லவில்லை, மீட்டரை அப்படியே நாத்தனார் பக்கம் திருப்பிக் காட்டினாள். தங்கைக்கு வகுக்கத் தெரியுமோ தெரியாதோ, பார்த்துத் தலையாட்டினாள்.

சூடு மெல்ல ஏறத் தொடங்கியது. முப்பத்தாறு தாண்டியது, முப்பத்தேழைத் தொட்டது. பெட்டியின் கண்ணாடியில் காதை வைத்த தங்கை திடீரென்று கையை உயர்த்தி எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொன்னாள். உள்ளே ஏதோ ஒரு ஓட்டுக்குள்ளிருந்து மெல்லிசாகக் கீச்சென்று ஒரு சத்தம். அவள் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அண்ணி, காயிலைக் குறை சொல்லிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றாள். போனில் சொன்ன அதே வார்த்தைதான். இப்போது அது வேறு மாதிரி கேட்டது.

மோட்டார்காரர் இன்னும் ஏணியில்தான் இருந்தார். புதுக் கம்பியைக் கருகாத சட்டத்துக்கு மாற்றி, கிளிப் அடித்துக்கொண்டிருந்தார். மழைச் சத்தத்தில் மேலே கேட்காது என்று நினைத்தோ என்னவோ, தங்கை குரலைத் தாழ்த்தி அண்ணியிடம் கேட்டாள்.

"அண்ணா போட்ட ஜாயின்ட்னு தெரிஞ்சுதான் கேட்டீங்களா அண்ணி?"

"இந்த வயரை வேற யார் தொட்டிருக்கா? தெரிஞ்சுதான் கேட்டேன்."

"நீங்களே சொல்லியிருக்கலாமே."

"நான் சொன்னா அது குத்தம். அவர் சொன்னா அது அவரோட நாணயம். ரெண்டும் ஒண்ணா?"

"எலி கடிச்சிருக்கும்னு அண்ணா சொல்லியிருந்தா? நான் நம்பியிருப்பேன்" என்றாள் தங்கை.

"சொல்லமாட்டார்."

"எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீங்க?"

மீட்டரம்மா மீட்டரின் கம்பிகளைச் சுற்றிக்கொண்டே, தினமும் சொல்கிற ஒரு சாதாரண விஷயத்தைச் சொல்கிற மாதிரி பதில் சொன்னாள். "எதையும் நான் அளந்து பார்த்துத்தான் நம்புவேன். உங்க அண்ணனை மட்டும் அளந்து பார்த்ததில்லை. தேவைப்படலை."

ஏணி மேல் மோட்டார்காரருக்குச் சுத்தியல் கையிலேயே நின்றுவிட்டது. அவள் மேல் அவருக்கு இருந்த பெருமையை ஊரே அறியும், அவரே தம்பட்டம் அடித்து வைத்திருந்தார். அவர் மேல் அவளுக்கு இப்படி ஒரு பெருமை இருக்கும் என்று அவருக்கு இத்தனை வருஷத்தில் தோன்றியதே இல்லை. நாக்கு நுனி வரை வந்துபோன எலியை நினைத்து வெட்கமாக இருந்தது. அதை விழுங்கினோமே என்று நெஞ்சு நிமிர்ந்தும் இருந்தது. கண்ணில் என்னவோ விழுந்துவிட்டதுபோலத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

கீழேயிருந்து மாப்பிள்ளை, என்ன மச்சான், வேலை இன்னும் முடியவில்லையா என்று கேட்டார்.

"முடிஞ்சிருச்சு" என்றார் மோட்டார்காரர். ஆனால் உடனே இறங்கி வரவில்லை.